செவலை நாய் குறுக்கே வந்த காலை

விருத்தாசலத்தில் ஏறிய ரயில் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு என்னைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டது. ஸ்டேஷனுக்கு வெளியே டீ பன்னிரண்டு ரூபாய். சர்க்கரை வேண்டாம் என்று நான் சொன்னதைக் கடைக்காரர் காதில் வாங்கவே இல்லை. குடித்துவிட்டு, சூரமங்கலத்து ரயில்வே குடியிருப்புகளை ஒரு சுற்று நடந்து பார்த்த பிறகுதான் பஸ் ஏறினேன். எந்த ஊரானாலும் கொஞ்ச தூரமாவது நடந்து பார்க்காமல் அதைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை என்பது என் பிடிவாதம். அறுபத்தொரு வயதில் இரண்டு முழங்காலும் இன்னும் என் பேச்சைக் கேட்கின்றன. அவை கேட்கும்வரை நடந்துவிட வேண்டியதுதான்.

தனியாகப் போகிறாயே, பயமில்லையா என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதிலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் எங்கள் பள்ளியில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி நடந்தது. கணக்கு டீச்சரான நான் மேற்பார்வைக்கு நிற்கப் போய், பிள்ளைகளோடு சேர்ந்து நானும் கற்றுக்கொண்டேன். ஒருவன் கையைப் பிடித்தால் அவன் கட்டைவிரல் பக்கமாகத் திருகி உருவ வேண்டும். அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். குதிகாலால் பாதத்தை மிதிக்க வேண்டும். எல்லாவற்றையும் வீட்டுக்காரர் மேல்தான் பழகினேன். பாவம், மனுஷன் ஒரு வாரம் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து என்னைப் பற்றி எனக்கு உயர்ந்த அபிப்பிராயம்.

ஜங்ஷனிலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசு கிடையாது. அங்கே நாமக்கல் பஸ் ஒன்றில் கால் வைத்ததுமே கண்டக்டர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எங்கீங்க போகோணும்?"

"புதுச்சத்திரம்."

"இது நிக்காதுங்க. பின்னால பச்சை வண்டி நிக்குது பாருங்க, அதுல ஏறிக்கோங்க. அவந்தான் கை காட்டுன எடத்துல எல்லாம் நிப்பான்."

பச்சை வண்டி தனியார் பஸ். முப்பத்தைந்து ரூபாய், சுமார் நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மல்லூர் தாண்டியதும் நாற்கரச் சாலையின் இருபுறமும் லாரி பாடி கட்டும் பட்டறைகளும், அவற்றுக்குப் பின்னால் நீள நீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகளும் வந்தன. பக்கத்து சீட்டில் மில் வேலை முடிந்து திரும்பும் ஒரு பெண், முப்பது வயது இருக்கும். என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள், ஆண்டகளூர் கேட்டில் இறங்க எழுந்தபோது ஒரு வார்த்தையும் கேட்காமல் என் சங்கிலியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் தள்ளி, முந்தானையை இழுத்து மேலே போர்த்திவிட்டாள்.

"இப்பிடியே இருங்கக்கா. நான் வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். முன்பின் தெரியாத ஒருத்தி என் மார்பில் கை வைத்துவிட்டுப் போகிறாளே என்று ஒரு நிமிடம் எனக்குக் கோபம்தான் வந்தது.

புதுச்சத்திரத்தில் வளர்மதி ஸ்கூட்டியோடு நின்றிருந்தாள். சேலத்தில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது நாங்கள் இருவரும் விடுதியில் ஒரே அறை. நான் வேலைக்குப் போனேன். அவள் கல்யாணமாகி இங்கே வந்தவள்தான், சாக்பீஸைக் கையில் தொடவே இல்லை. அவள் வீட்டுக்காரருக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டு ஓடுகிறது. அந்த வண்டிகளோடு அவர் வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்கேயோ இருப்பார். மகன் பெங்களூரில். ஆக, நாலு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய வீட்டில் வளர்மதி தனியாக இருக்கிறாள். தோட்டத்தின் அடுத்த கோடியில் அவள் கொழுந்தனார் செல்வராஜின் வீடு. கிராமத்தின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. புதுச்சத்திரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன்.

"என்ன புள்ள, இத்தனை வருசங்கழிச்சு வர்ற, ஒரு பையோட வந்திருக்கற?" என்றாள் வளர்மதி.

"நடக்க வந்தேன். அதற்கு ஒரு பை போதும்."

அவள் முகம் மலர்ந்தது. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னாராம். மூன்று வருடமாக ஒரு நாள் விடாமல் நடக்கிறாளாம். "காலைல அந்த ஒரு மணி நேரந்தான் புள்ள என்னுது. மிச்சம் இருபத்திமூணு மணி நேரமும் இந்த ஊட்டோடது" என்றாள். இதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டு வாசலில் மணி என்ற நாய் சங்கிலியில் கட்டிக் கிடந்தது. வாலை ஆட்டியது, குரைக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். இந்தப் பக்கத்து ஊர்களின் அமைப்பு எங்கள் பக்கம் போலத் தெருத்தெருவாக இல்லை. வீடுகள் அவரவர் தோட்டத்துக்குள் தனித்தனியாக நிற்கின்றன. ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நடக்கிற பெண்கள் வளர்மதியோடு சேர்த்து எட்டுப் பேர். ஆனால் ஒவ்வொருத்தியும் தன் தோட்டத்துப் பாதையில், சோளக்காட்டுக்கும் கோழிக் கொட்டகைக்கும் நடுவே, அரைக் கிலோமீட்டர் ஒரு கிலோமீட்டர் தனியாக நடந்து வந்துதான் பால் சொசைட்டி முன்னால் கூட வேண்டும். அங்கிருந்து சேர்ந்து நெடுஞ்சாலை வரை போய்த் திரும்புவார்கள். பிறகு மறுபடியும் ஆளுக்கொரு பாதை.

மற்ற ஏழு பேரும் வாய் ஓயாத பெண்கள். என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டு, விருத்தாசலத்தில் முட்டை என்ன விலை என்பதிலிருந்து என் மருமகள் நல்லவளா என்பது வரை அரை மணி நேரத்தில் கேட்டு முடித்துவிட்டார்கள். ஈஸ்வரி என்பவளின் முழங்கையில் கட்டு. என்னவென்று கேட்டேன்.

"நாய் குறுக்க வந்துருச்சுங்க டீச்சர். உழுந்துட்டேன்."

தங்கமணி என்பவளின் கழுத்தில் ஒரு காது ஓரத்திலிருந்து மறு காது ஓரம் வரை, ஆறிய கோடு ஒன்று. அவளுக்கும் நாய்தானாம். நாய்க்குப் பயந்து ஒதுங்கி வேலியின் முள்ளுக்கம்பியில் விழுந்துவிட்டாளாம். இன்னொருத்திக்குப் போன மாதம் கணுக்கால் சுளுக்கு. அதுவும் நாய்.

"உங்கள் ஊர் நாய்களுக்குப் பெண்கள் என்றால் இளப்பம் போலிருக்கிறது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. போக வர ஐந்து கிலோமீட்டர் நடந்ததில் நான் ஒரு நாயைக்கூடப் பார்க்கவில்லை. அதை ஒரு சுவாரசியமான குறிப்பாக மனதில் எழுதிக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

பாதையோரத்தில் ஒரு மாடி வீடு. மொட்டைமாடியில் நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண் வேகமாகச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள். வளர்மதி கையை உயர்த்திக் காட்டினாள். மேலே இருந்தவளும் கையை உயர்த்தினாள், ஆனால் நடையை நிறுத்தவில்லை.

"அது பூங்கொடி. மாடியிலயே நடந்துக்குவா" என்றாள் வளர்மதி. வீட்டிலேயே வசதி செய்துகொண்ட புத்திசாலி என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நடந்ததை எழுத வேண்டும்.

தோட்டத்துப் பாதையில் பாதி தூரம் வந்திருப்போம். வெளிச்சம் வந்துவிட்டது. என் ஷூவுக்குள் ஒரு கல். நீ போய்க்கொண்டே இரு என்று சொல்லிவிட்டு நான் குனிந்தேன். கயிற்றை அவிழ்த்து, கல்லைத் தட்டி, மறுபடி கட்டி நிமிர்ந்தபோது அவள் எனக்கு முன்னால் ஐம்பது அடி தூரத்தில் போய்க்கொண்டிருந்தாள். என்னைத் தாண்டி ஒரு பைக் மெதுவாகப் போனது. இரண்டு பேர். பின்னால் இருந்தவன் அவள் பக்கத்தில் நிறுத்தச் சொல்லி வழி கேட்டான்.

"ஏனுங்கக்கா, ராசிபுரம் ரோட்டுக்கு இப்பிடியே போலாங்களா?" மரியாதையான குரல். எனக்கே நன்றாகக் கேட்டது.

வளர்மதி கையை நீட்டி வழி காட்டினாள். நீட்டிய கைக்குக் கீழே அவன் கை போய் அவள் கழுத்தைப் பற்றியது. பைக் உறுமியது.

சங்கிலி அறுந்து அவன் கையோடு போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அறவில்லை. வளர்மதி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். பைக்கோடு ஓடினாள், பிறகு ஓட முடியாமல் விழுந்தாள், விழுந்தும் விடவில்லை. பாதையில் அவளை இழுத்துக்கொண்டு அந்த வண்டி போனதை நான் பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் உண்மை. அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்று முந்நூறு மாணவிகளோடு சேர்ந்து பழகியவள் வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. கட்டைவிரல் பக்கம், குதிகால், எதுவும் ஞாபகத்தில் இல்லை. கால் மட்டும்தான் தானாக ஓடியது. ஓடிப் போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நானும் விழுந்தேன். பின்னால் இருந்தவன் கையை உதறி ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். பைக் போய்விட்டது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தைச் சுற்றி ரத்தக் கோடு. ஒரு பக்கக் கன்னம் தேய்ந்திருந்தது. கையைத் திறந்து பார்த்தாள். சங்கிலி இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். ஐயோ என்றாளா, திருடன் என்றாளா, போலீஸ் என்றாளா? இல்லை.

"ஆராச்சும் பாத்துட்டாங்களா புள்ள?" என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. அவளுக்கு அடிபட்டதில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தேன். அவளோ எழுந்து, பக்கத்து மோட்டார் தொட்டியில் முகத்தையும் கையையும் கழுவி, கிழிந்த ஜாக்கெட் தெரியாமல் முந்தானையைச் சுற்றிப் போர்த்தி, ஊக்கு குத்திக்கொண்டாள். பழகிய கை. என் உள்ளங்கையிலும் முழங்காலிலும் தோல் போயிருந்தது. அதையும் அவளே கழுவிவிட்டாள்.

"ஆராச்சும் கேட்டா நாய் குறுக்க வந்துருச்சுன்னு சொல்லு."

நான் அப்படியே நின்றேன். ஈஸ்வரியின் முழங்கை, தங்கமணியின் கழுத்து, அந்தக் கணுக்கால், அவ்வளவும் ஒன்றன்பின் ஒன்றாக என் கண் முன்னால் வந்தன.

"வளர், அவர்கள் எல்லாருக்கும் இதுதானா?"

"எல்லாத்துக்கும் இல்ல. ரெண்டு பேரு நெசமாவே உழுந்தவங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது செல்வராஜ் பால் கேனோடு வாசலில் நின்றிருந்தார். ஐம்பது வயது, நல்ல மனிதர். முந்தைய நாள் எனக்காக இளநீர் வெட்டி வந்தவர். அண்ணியின் கன்னத்தைப் பார்த்ததும் கேனை அப்படியே கீழே வைத்தார்.

"என்னாச்சுங்க அண்ணி?"

"நாயி சாமி. வேலியில உழுந்துட்டேன்."

"தலையெழுத்து. ஈஸ்வரியக்கா உழுந்தப்பவே ஆளை வெச்சு ஊருக்குள்ள இருந்த நாயெல்லாம் புடிச்சு வண்டியில ஏத்தி வுட்டோமுங்க. மறுக்கா எங்கிருந்து வருதுன்னே தெரியல." என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா டீச்சர்? என்ன நெறமுங்க?"

அந்த ஊரில் நாய்களே இல்லாத காரணம் எனக்கு அந்த நொடியில் தெரிந்தது. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தே பிழைத்தவள் நான். செல்வராஜின் பார்வை என் முகத்திலிருந்து வழுக்கி, கட்டிக் கிடந்த மணியின் மேல் போனது. மணி கறுப்பு நாய்.

"செவலை" என்றேன்.

அவர் காரிலேயே எங்களை ராசிபுரத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். முள்ளுக்கம்பி என்றதால் ஆளுக்கொரு ஊசி. வழியில் இறங்கித் தோசை வாங்கிக் கொடுத்தார். அண்ணியைத் தாங்கித் தாங்கி நடத்திவந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மதியம் அவள் படுத்திருந்தபோது அந்தச் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கனம் இல்லை. உரசிய இடத்தில் உள்ளே செம்பு நிறம். கவரிங். அதற்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நைலான் நரம்பு, மீன் தூண்டிலுக்குப் போடுவது, கோத்து முடிச்சுப் போட்டிருந்தது. அறாமல் இருந்த காரணம் அதுதான். எனக்கு வந்த ஆத்திரத்தில் வார்த்தை தடுமாறியது.

"அறியாமல் கேட்கிறேன், முந்நூறு ரூபாய் கவரிங்குக்கா கழுத்தைக் கொடுத்தாய்? விட்டுத் தொலைத்திருந்தால் என்ன? அறாத நரம்பைக் கோத்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறாயே, அது சங்கிலியா சுருக்கா?"

"கத்தாத புள்ள" என்று சொல்லி எழுந்து உட்கார்ந்தாள். "பவுனு பீரோவுல இருக்குது. எங்க எட்டுப் பேரு கழுத்துலயும் கவரிங்குதான். திருடனுக்கும் தெரியாது, எங்க ஊட்டு ஆளுங்களுக்கும் தெரியாது."

"அப்படியானால் போனால் போகட்டும் என்று விட வேண்டியதுதானே?"

"வெறுங்கழுத்தோட ஊட்டுக்கு வந்தா? எங்கன்னு கேக்க மாட்டாங்களா? புடுங்கிட்டுப் போயிட்டான்னு சொன்னா அன்னியோட நடை போச்சு. சங்கிலி போனா நடை போச்சு, அவ்வளவுதான் கணக்கு. பூங்கொடியப் பாத்தியல்ல? போன வருசம் அவளுக்கு இதே மாதிரி. நேரா ஊட்டுக்குப் போயி நெசத்தைச் சொன்னா. ஊடே கூடி, அவ மேல இருக்கற பிரியத்துல, மாடியிலயே நடந்துக்க சாமின்னு சொல்லிப்போட்டாங்க. அன்னைல இருந்து மாடியத்தான் சுத்திக்கிட்டு இருக்கறா."

கையை உயர்த்தியும் நடையை நிறுத்தாத அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவளைப் புத்திசாலி என்று நினைத்த என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்கள் எல்லாரும் நாய், நாய் என்பதால்தான் அவன்கள் பயமில்லாமல் வருகிறான்கள், தெரிகிறதா உனக்கு? புகார் கொடுத்தால் பிடிப்பார்கள்."

"அவனுங்களைப் புடிப்பாங்களோ என்னமோ, எங்களை மொதல்ல புடிச்சு ஊட்டுக்குள்ள வெச்சுருவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "உன்ற ஊட்டுல போயி நெசத்தைச் சொல்லிப் பாரு. மொதக் கேள்வி என்ன வரும்னு நான் சொல்லட்டுமா? அங்க எதுக்குத் தனியா நடக்கப் போனன்னுதான் வரும்."

"என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லை" என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன்.

நான் விடாமல், கவரிங்கும் வேண்டாம், நரம்பும் வேண்டாம், எல்லாரும் பார்க்கிற மாதிரி மஞ்சள் கயிற்றில் தாலியைக் கட்டிக்கொண்டு நடந்தால் எவன் வரப்போகிறான் என்று கேட்டேன். இதைவிட எளிய கணக்கு எனக்குத் தெரியாது.

வளர்மதி வலியையும் மறந்து சிரித்தாள். "மஞ்சக் கயித்தோட நான் பால் சொசைட்டி வரைக்கும் போனாப் போதும். ரிக்கு நட்டமாயிருச்சாம், பொண்டாட்டி பவுன வித்துப்போட்டானாம்னு பொழுதுக்குள்ள நாமக்கல் வரைக்கும் போயிரும். டீசல் போடறவன்ல இருந்து வேலையாளு வரைக்கும் ஊட்டு வாசல்ல வந்து நிப்பான். என்ற கழுத்த வெச்சுத்தான் புள்ள எங்க ஊட்டுக்காரரு தொழில எடை போடறாங்க."

ஒரு பெண்ணின் கழுத்துக்கு இத்தனை பேர் பங்காளிகள் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நேரம் பிடித்தது. சாயங்காலம் ஈஸ்வரியும் தங்கமணியும் முட்டையும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். செல்வராஜ் இருக்கும்வரை நாயைத் திட்டினார்கள். அவர் போனதும் மூன்று பேரும் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே நாளில் சொன்னால் எத்தனை மாடியில் உங்களை ஏற்றிவிட முடியும் என்று மட்டும் கேட்டு வைத்தேன்.

திங்கட்கிழமை காலை கிளம்பினேன். நடக்கப் போகவில்லை, வளர்மதியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. செல்வராஜ் என்னைப் புதுச்சத்திரம் வரை கொண்டுவந்து விட்டார். "அடுத்த தடவ வாரப்ப ஒரு நாய்கூட இருக்காதுங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்று உறுதி கொடுத்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என் சங்கிலியை எடுத்து உள்ளே தள்ளி முந்தானையைப் போர்த்திக்கொண்டேன். அந்த மில் பெண்ணின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன், வரவில்லை. அவள் கழுத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

இரவு எட்டு மணிக்கு விருத்தாசலத்தில் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் கதவைத் திறந்தவர், பையை வாங்கும்போது என் உள்ளங்கைக் கட்டைப் பார்த்துவிட்டார்.

"என்ன இது?"

"நாய் குறுக்கே வந்துடுச்சுங்க" என்றேன்.

அவர் பதறிப்போய் கடித்ததா, ஊசி போட்டாயா என்று கேட்டுக்கொண்டே வெந்நீர் வைக்க ஓடினார். நான் கூடத்தில் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தேன். யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. என் கழுத்தை வைத்து எடை போட எங்கள் வீட்டில் ரிக் வண்டி கிடையாது. ஆனால் அடுத்த மாதம் மேட்டூர் போக டிக்கெட் எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அந்தப் பொய்யை யோசித்துச் சொல்லியிருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். அது தானாக வந்தது. பள்ளி மைதானத்தில் பழகிய கத்தல் வராத தொண்டையில் இது மட்டும் எவ்வளவு சுலபமாக வந்தது என்ற அதிர்ச்சி எனக்குத் தீரவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வளர்மதி போன் செய்தாள். பின்னணியில் காற்றுச் சத்தம், மூச்சிரைப்பு. நடந்துகொண்டே பேசினாள்.

"எட்டுப் பேரும் ஒரே நாள்ல மஞ்சக் கயிறு கட்டிட்டோம் புள்ள. எட்டு ஊட்டுத் தொழிலும் ஒரே நாள்ல நட்டமாகுமா? ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்கல. பொறகு அவங்கவங்க ஊட்டுல நெசத்தைச் சொல்லிப்போட்டு, ஸ்டேசனுக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்தோம். விசாரிக்கறோம்னு சொல்லியிருக்கறாங்க."

"செல்வராஜ் என்ன சொன்னார்?"

"ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல. பொழுதோட வந்து மணிகிட்டக்கவே உக்காந்துட்டு இருந்தாப்ல. அத்தன நாயத் தொரத்திப்போட்டமேன்னு அவருக்குத்தான் மனசு கேக்கல."

"எல்லாரும் நடக்கிறீர்களா?"

"ஈஸ்வரிய விடல. இன்னொருத்தியையும் நிறுத்திட்டாங்க. ஆனா பூங்கொடி மாடியில இருந்து எறங்கி வந்துட்டா. இந்தா, பக்கத்துலதான் வாரா." பூங்கொடி தூரத்திலிருந்து ஏதோ சொன்னது கேட்டது. பிறகு வளர்மதி கேட்டாள். "ஏம்புள்ள, உன்ற ஊட்டுல சொல்லிட்டியா?"

அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார். கல்லிலிருந்து தொடங்கி, நான் கத்தாததையும், செவலை என்று சொன்னதையும், அவரிடம் நாய் என்று சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். முப்பத்திரண்டு வருடம் என்னை எந்த ஊருக்கும் போகாதே என்று சொல்லாத மனுஷன். முடித்ததும் என் உள்ளங்கையை இழுத்துப் பார்த்தார். காய்ந்த தோலை விரலால் தடவினார்.

"அங்க எதுக்குத் தனியா நடக்கப் போன?" என்றார்.

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவருக்கும் தான் கேட்டது காதில் விழுந்திருக்க வேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். வந்து வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேட்டூர் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை நான் ஷூ மாட்டியபோது அவரும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை சேர்ந்து நடந்தோம். அங்கே நின்று, இதற்குமேல் நான் தனியாகப் போகிறேன் என்றேன். ரயில்வே கேட்டுக்குத் திரும்பும் இடத்தில் திரும்பிப் பார்த்தேன். அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் தெருவில் நாய்கள் நிறைய உண்டு. இத்தனை வருடத்தில் ஒன்றுகூட என் குறுக்கே வந்ததில்லை.